நாற்பதும் எண்பதும்

சட்டம் ஒரு கணக்குச் சொல்லுகிறது. பணம் தரும் திட்டம் இன்னொரு கணக்குச் சொல்லுகிறது. இரண்டும் டில்லியில் எழுதப்பட்டவைதாம். இரண்டுக்கும் நடுவே அகப்பட்டு விழிப்பவன் ஏழை மாற்றுத்திறனாளி!

1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. 2016இல் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனை 21 ஆக்கிற்று. கை, கால், கண், காது மட்டுமல்ல. திராவகம் வீசப்பட்டோர், இரத்தம் உறையாத நோயுள்ளோர், நடுக்குவாத நோயாளிகள் ஆகியோரும் அதில் உண்டு. குறைபாடு நூற்றுக்கு 40 இருந்தால் சர்க்கார் வேலை ஒதுக்கீடு போன்ற சிறப்பு உரிமைகளைக் கேட்கலாம் என்கிறது அச்சட்டம். நல்லது.

ஆனால் வயிற்றுக்கு வழி? 2009இல் மத்திய சர்க்கார் தொடங்கிய மாற்றுத்திறனாளி பென்ஷன் திட்டத்தைப் பாருங்கள். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஊனமோ நூற்றுக்கு 80 இருக்க வேண்டும்!

ஆலை இயந்திரத்துக்குக் கையைப் பறிகொடுத்த தொழிலாளிக்கு மருத்துவர் 60 என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சட்டத்தின் கண்ணுக்கு அவன் மாற்றுத்திறனாளி. கஜானாவின் கண்ணுக்கோ திடகாத்திரன்! அந்தக் கையோடு அவன் எந்த மூட்டையைத் தூக்குவான் என்று கேட்கிறோம்.

சரி, 80ஐத் தாண்டியவருக்குத் தருவது எவ்வளவு? 79 வயது வரை மாதம் 300 ரூபாய். 2012இல் 200ஐ 300 ஆக்கினார்கள். அதற்குப் பிறகு அரிசி விலை ஏறிற்று, பஸ் கட்டணம் ஏறிற்று, 300 மட்டும் ஏறவில்லை. மற்றவர்களுக்கான உதவியைவிட மாற்றுத்திறனாளிக்கு நூற்றுக்கு 25 பங்காவது கூடுதலாகத் தரவேண்டும் என்பது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. விதவைத் தாய்மாருக்கும் மத்தியத் திட்டத்தில் அதே 300. அப்படியானால் இவருக்கு 375க்குக் குறையலாமா? 'பொருளாதார வசதிக்கு உட்பட்டு' என்ற சொற்களும் அப்பிரிவில் இருப்பதை நாம் அறிவோம். வசதி வருவது எந்த நாளில்?

கேள்வி கேட்பது ஒருபுறம் இருக்கட்டும். உள்ளதையாவது நம் மக்கள் பெறுகிறார்களா? அதைக் கவனிப்பது நம் வேலை, தோழர்களே!

முதலில் வேண்டியது மருத்துவச் சான்றும், நாடு முழுதும் செல்லும் தனித்துவ அடையாள அட்டையும். கணினி வழியே மனுச் செய்ய வேண்டும். ஆதாரும் புகைப்படமும் தேவை. குறிப்பிட்ட மருத்துவமனைக்குப் பழைய சிகிச்சைச் சீட்டுகளோடு செல்ல வேண்டும். சான்று நிரந்தரமானதா, காலக்கெடு உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். விழுக்காடு குறைவு என்று தோன்றினால் மேல்முறையீடு செய்ய 59ஆவது பிரிவு இடம் தருகிறது.

இன்னொன்று. 80 இல்லையே என்று மனுப் போடாமல் இருந்துவிடக் கூடாது. மாநில சர்க்கார்கள் தம் பணத்தில் நடத்தும் உதவிகளுக்கு விதி வேறு, தொகையும் வேறு. கேட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

படிக்கத் தெரியாத தாய் ஒருத்தி, மகனைத் தோளில் சுமந்துகொண்டு எத்தனை படிகள் ஏறுவாள்? ஒவ்வொரு கிளையிலும் வாரத்தில் ஒரு மாலையை இதற்கென ஒதுக்குங்கள். மனு எழுதிக் கொடுங்கள், மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

80 என்பதை 40 ஆக்கு, 300ஐ உயர்த்து என்று டில்லியிடம் நாம் கேட்போம். அந்தக் குரலுக்கு வலிமை, நாம் எழுதிக் கொடுத்த மனுக்களின் எண்ணிக்கையில் இருக்கிறது.