ஜூலை 25

2025 ஜூலை 25, வெள்ளிக்கிழமை வந்த செய்தி அந்த வாரம் முழுக்க என்னைச் சந்தோஷத்தில் வைத்திருந்தது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில், ஹைட்ரஜனில் ஓடும் ரயிலுக்கான பெட்டியைச் சோதித்து வெற்றி கண்டார்கள். 1,200 குதிரைத்திறன் ரயில் உருவாகிறது என்றது செய்தி. கரும்புகை கிடையாது; மிஞ்சுவது தண்ணீரும் நீராவியும்தான். ஒரு புரோட்டான், ஒரு எலெக்ட்ரான், முடிந்தது ஹைட்ரஜன் அணு. அதைவிட லேசான அணு கிடையாது. ஆனால் கிலோவுக்குக் கிலோ பார்த்தால் பெட்ரோலைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு ஆற்றல் அதில் இருக்கிறது. அடைத்து வைப்பதுதான் பாடு. அழுத்தாமல் விட்டால் ஒரே ஒரு கிலோவுக்குப் பதினோரு கன மீட்டருக்கு மேல் இடம் வேண்டும்.

ரயிலைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். செய்தியின் தேதி கண்ணில் பட்டதும் மனசு காரைக்குடிக்குப் போய்விட்டது. 1948-ல் இதே ஜூலை 25 அன்றுதான் நேரு அங்கே வந்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டினார். நம் வாயில் அது சிக்ரி. பக்கத்துக் கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்தக் காலத்துப் பதினைந்து லட்சம்! 1953 ஜனவரி 14 அன்று, அப்போது குடியரசுத் துணைத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் பழைய ஆதங்கம் தெரியும். தெரிந்தாலும் இன்னொரு தடவை சொல்லத்தான் போகிறேன். காரைக்குடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பள்ளத்தூருக்கு வருகிறவர்கள் பெரிய வீடுகளைப் பார்க்கிறார்கள், ஆத்தங்குடிக் கல்லை விசாரிக்கிறார்கள், நடிகை மனோரமா ஆச்சி வளர்ந்த தெரு எது என்று கேட்கிறார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் சிக்ரியைப் பற்றி எவரும் கேட்பதில்லை. "அது ஏதோ கவர்மெண்ட் ஆபீஸ் காம்பவுண்டு இல்லையாண்ணே?" என்றார் போன மாதம் வந்த ஒரு தம்பி. கையில் செல்போனை வைத்துக்கொண்டே கேட்டார். எனக்குத் தாங்கவில்லை.

அந்த செல்போனுக்குள் இருப்பது லித்தியம். தனிமங்களின் வரிசையில் மூன்றாவது. உலோகங்களில் இதைவிட லேசானது கிடையாது. பள்ளிக்கூடத்தில் சோடியத்தை மண்ணெண்ணெயில் அமிழ்த்தி வைத்திருப்பார்களே, லித்தியத்தை அதில் போட்டால் அமிழாமல் மிதக்கும். பிரபஞ்சம் பிறந்த முதல் சில நிமிடங்களில் உருவானவை ஹைட்ரஜன், ஹீலியம், அவற்றோடு துளி லித்தியம். இரும்பும் பொன்னும் வெகு காலம் கழித்து வந்தவை. பேட்டரிக்கு ஏன் இந்த உலோகம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஏழு கிராம் லித்தியம் எத்தனை எலெக்ட்ரான் தருமோ, அத்தனையைத் தர ஈயம் நூறு கிராமுக்கு மேல் வேண்டும். பழைய கார் பேட்டரியைத் தூக்கியவர்களின் இடுப்புக்கு இது தெரியும்.

அந்த எலெக்ட்ரான்களை அடக்கி ஆளும் வேலைதான் மின்வேதியியல். தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி ஹைட்ரஜன் பிரிப்பதும், அந்த ஹைட்ரஜனிலிருந்து திரும்ப மின்சாரம் எடுப்பதும், கடலோர ஊரான மண்டபத்தின் உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிப்பதும் அதே கணக்குக்குள் வருகின்றன. மண்டபத்தில் சிக்ரிக்குத் தனி ஆய்வு நிலையமே உண்டு. லித்தியம் அயான் பேட்டரியை இங்கேயே செய்யும் நுட்பத்தை உருவாக்கி, 2018-ல் அதைத் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு வழங்க ஒப்பந்தம் போட்டவர்களும் சிக்ரிக்காரர்கள்தான்.

செப்டம்பர் 26, சிக்ரியின் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் நிறுவன நாள். அதையொட்டி மாணவர்கள் சிக்ரிக்குள் போய்ப் பார்க்க அனுமதிப்பது வழக்கம். பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் தலைமையாசிரியர்களே, இப்போதே கடிதம் எழுதிக் கேளுங்கள். வண்டி வாடகைக்குக் குறைந்தால் ஊரில் கொடுக்க ஆள் இருக்கிறது. என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.