விஷத்துக்குக் காசு, ப்ரைமருக்குக் கஞ்சத்தனம்!

படகு வைத்திருப்பவர் எஞ்சினைப் பத்து கடையில் விசாரித்து வாங்குவார். அடிப்பகுதிக்குப் பூசும் பெயிண்ட் என்று வந்தால் மட்டும், "இருக்கறதுலயே ஸ்ட்ராங்கா ஒண்ணு குடுங்க" என்று கேட்டுவிடுவார். சிக்கலே அங்கேதான் ஆரம்பம்.

கடலில் கிடக்கும் படகின் அடியில் முதலில் வழவழப்பு படியும், பிறகு பாசி, பிறகு கொட்டலசு. வேகம் குறையும், டீசல் செலவு ஏறும். இதைத் தடுக்கத்தான் ஆன்டிஃபவுலிங் பெயிண்ட். அதில் பெரும்பாலும் இருப்பது தாமிரம். அது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கசிந்து, ஒட்ட வரும் உயிர்களைக் கொல்கிறது. அதாவது, பெயிண்ட் என்ற பெயரில் விஷம்!

'ஸ்ட்ராங்' எதுவரை போகும் என்பதற்கு பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடா சாட்சி. 1970களில் அங்கே நின்ற உல்லாசப் படகுகளுக்குப் பூசியது டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயிண்ட். கொட்டலசை அது போல விரட்டிய மருந்து வேறில்லை. ஆனால் அதே விரிகுடாவில்தான் சிப்பி வளர்த்துப் பிழைப்பவர்களும் இருந்தார்கள். சிப்பிக் குஞ்சுகள் பிழைக்கவில்லை. வளர்ந்தவற்றின் ஓடுகள் தடித்துக் கோணலாயின. படகுக்காரர் மிச்சம் பிடித்ததற்கு சிப்பிக்காரர் பணம் கட்டினார். (எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் வராத செலவு!) 1982ல் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு பிரான்ஸ் அதைத் தடை செய்தது. உலக உடன்படிக்கை 2001ல் உருவாகி, அமலுக்கு வந்தது 2008ல்தான். பிறகு, தாமிரத்தோடு சேர்க்கப்பட்ட சைபுட்ரினுக்கும் 2023ல் தடை வந்தது.

சரி, விஷத்தைக் கூட்டாமல் என்ன செய்வது? பெயிண்ட் உரிந்தால் பழி பெயிண்ட் மேல் விழுகிறது. தப்பு பெரும்பாலும் அதற்குக் கீழே இருக்கிறது. மெழுகும் எண்ணெயும் போகக் கழுவாமல், உப்புத்தாள் தேய்க்காமல் பூசினால் எந்த பெயிண்டும் நிற்காது. உப்புத்தாளையும் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். பழைய பெயிண்டின் தூசியும் விஷம்தானே!

எபாக்சி ப்ரைமர் முழுக்க இறுகிய பிறகு பூசினால் மேல் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது. விரலை அழுத்தினால் தடம் விழ வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. பூச அதுதான் நேரம். அலுமினியப் படகென்றால் இன்னும் கவனம் தேவை. தாமிர பெயிண்ட் நேரடியாகப் பட்டால் உப்புத் தண்ணீரில் இரண்டும் பேட்டரி போல வேலை செய்து அலுமினியத்தை அரித்துவிடும். அங்கே தாமிரம் இல்லாத பெயிண்டே நல்லது.

இத்தனைக்கும், எல்லாப் படகுக்கும் இது தேவையில்லை. கடலுக்குப் போய்வந்ததும் மணலில் இழுத்து ஏற்றப்படும் தமிழ்நாட்டு ஃபைபர் படகில் கொட்டலசு வளர நேரமே கிடைப்பதில்லை. அந்த வேலையை வெயில் காசில்லாமல் செய்துவிடுகிறது.