தானம் கேட்கும் தண்ணீர்த் தொட்டி

கிராம வீடுகளுக்குக் குழாய்நீர் தரும் ஜல் ஜீவன் இயக்கத்தை 2028 வரை நீட்டித்த 2025-26 நிதிநிலை அறிக்கை, இனி 'ஜன் பாகீதாரி'யில், அதாவது மக்கள் பங்கேற்பில், கவனம் செலுத்தப்படும் என்றது. கேட்க இனிக்கிறது. ஆனால் அந்தத் திட்டத்தில் குழாய்க்குப் பணம் உண்டு, மோட்டாருக்கு உண்டு, மேல்நிலைத் தொட்டிக்கும் உண்டு. தொட்டி நிற்கும் மண்ணை வாங்க மட்டும் இல்லை. புறம்போக்கு இருக்கும் ஊர் தப்பித்தது. இல்லாத ஊரில் யாராவது ஒருவர் 'மனமுவந்து' நாலைந்து சென்ட் தர வேண்டும்.

கடலூர் மாவட்டத்து நெய்வேலி வட்டாரத்தில் நிலதானம் புதிதல்ல. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணற்றுக்குத் துளையிட்டபோது கறுப்பாக வெளிவந்ததுதான் பழுப்பு நிலக்கரி. அறுநூறு ஏக்கருக்கு மேல் அவர் அரசுக்குக் கொடுத்தார் என்பதை இங்கே பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். 1956-ல் அதை வெட்டியெடுக்கும் என்எல்சி நிறுவனம் பிறந்தது. அறுநூறு ஏக்கர் தரக்கூடியவர் 'தர மாட்டேன்' என்று சொல்லவும் கூடியவர். முப்பது சென்ட் வைத்திருப்பவர், ஊராட்சித் தலைவரும் விஏஓவும் வாசலில் வந்து நிற்கும்போது என்ன சொல்வார்?

இதே வட்டாரத்தில் மண்ணுக்கு விலை இல்லாமலா இருக்கிறது? சுரங்க விரிவாக்கத்துக்கு என்எல்சி ஏக்கருக்கு 25 லட்சம் ரூபாய் தரும் என்ற பேச்சு 2023-ல் அடிபட்டது. சென்ட்டுக்கு 25,000. ஐந்து சென்ட் என்றால் ஒன்றேகால் லட்சம். நிலத்தை விடுங்கள், பயிருக்கு வருவோம். அதே ஆண்டு ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றுக் கால்வாய்க்காகப் பச்சை நெல்லின் மேல் இயந்திரங்கள் ஏறின. அது என்எல்சி ஏற்கெனவே கையகப்படுத்திய நிலம். அப்படியிருந்தும் அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்று உயர் நீதிமன்றம் நிர்ணயித்தது. சென்ட்டுக்கு 400. ஒரு போக நெல்லுக்கே இந்த மதிப்பு. தலைமுறைக்கும் திரும்பி வராத தொட்டி மனைக்கு ஒரு சால்வை!

இன்னொன்றும் உண்டு. சுரங்கத்துக்குள் நீர் பீறிடாமலிருக்க நிலக்கரிக்குக் கீழுள்ள நீரை இரவும் பகலும் இறைத்தாக வேண்டும். ஒரு காலத்தில் தானாகப் பொங்கிய ஊற்றுகள் இருந்த பூமி இது. நீரை இறைத்தது ஒருவர்; அதை ஈடுகட்டும் தொட்டிக்கு நிலம் தருவது இன்னொருவரா?

உலக வங்கி ஏழைகளின் தோழன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதன் விதிகளே தானத்துக்கு நிபந்தனை போடுகின்றன: மறுக்கலாம் என்பதைத் தருபவரிடம் சொல்ல வேண்டும், சம்மதத்தை எழுத்தில் பெற வேண்டும், தருவது சிறு பகுதியாக இருக்க வேண்டும், பிழைப்பு கெடக்கூடாது, யாரும் வீடு பெயரக்கூடாது. முப்பதில் ஐந்து சென்ட் என்பது ஆறில் ஒரு பங்கு. அது எந்த ஊரில் 'சிறு பகுதி'?

'எல்லாவற்றுக்கும் விலை கேட்டால் ஊர் விளங்குமா?' என்பார்கள். தம் மனையில் அரை சென்ட் கொடுத்துவிட்டு வந்து அவர்கள் பேசட்டும். ஜல் ஜீவன் திட்டத்தில் மக்கள் பங்களிப்பு என்று ஊருக்குள் அமையும் கட்டமைப்பின் செலவில் 10 சதவீதம் கேட்கிறார்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பெரும்பான்மையாக உள்ள ஊர்களிலும் மலைப்பகுதியிலும் 5 சதவீதம். பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரலாம். இதில் ஒருவர் நிலத்தையே ஊரின் பங்காகக் காட்டிவிட்டால் மற்றவர்கள் கைவீசிக்கொண்டு போகலாம். பங்கேற்பு என்ற பெயரில் நடக்கும் பச்சைச் சுரண்டல் இது.

சட்டமாவது காக்கிறதா? பதிவு செய்யப்படாத, இரு சாட்சிகள் கையெழுத்திடாத நிலதானம் சொத்து மாற்றுச் சட்டத்தின் 123-வது பிரிவின்படி செல்லாது. 'ஆட்சேபனை இல்லை' என்று வெள்ளைத்தாளில் வாங்கிய கையெழுத்தை நம்பித் தொட்டி கட்டினால், நாளை பேரன் வந்து பூட்டுப் போடுவான். முறையாகப் பதிந்துவிட்டாலோ, கொடுத்தவர் மனம் மாறினாலும் மீட்பது ஏறக்குறைய முடியாது.

ஆகவே குறு விவசாயி எவரிடமிருந்தும் அரசுத் திட்டத்துக்கான தானப் பத்திரத்தைப் பதிய சார்பதிவாளர் மறுக்க வேண்டும். கடலூர் மாவட்டத்தில் இனி எழும் ஒவ்வொரு தொட்டியின் மனையையும் என்எல்சி சுரங்கத்துக்குத் தரும் அதே விலையில் வாங்கி ஊராட்சியின் பெயரில் பதிந்து தரட்டும். சமூகப் பொறுப்பு நிதி என்று ஆண்டுதோறும் ஒதுக்குகிறார்களே, அதிலிருந்து இந்தச் செலவைத் தொடங்கலாம்.