விற்பனைக் கூடமும் வேலை முறையும்

வெள்ளகோவில், முத்தூர், காங்கயம் பிரதேசத்தில் கொப்பரை எத்துணை முக்கியமான சரக்கு என்பதை நம் நேயர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. காங்கயத்து உலர்களங்களும் எண்ணெய் ஆலைகளும் அதை நம்பி நடைபெறுகின்றன. கொப்பரையும் சூரியகாந்தி விதையும் கொண்டுவரும் குடியானவனோ ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் ஏலத்தை நம்பியிருக்கிறான். ஆகவே அக்கூடத்தில் வேலைகள் எந்த வரிசையில் நடைபெற வேண்டும் என்பது உத்தியோகஸ்தர்களுக்கு மட்டும் உரிய விஷயமன்று, பொதுஜனங்களும் ஆராயத்தக்கதாகும்.

இக்கூடங்கள் ஏன் ஏற்பட்டன? துண்டின் கீழ் விரலைப் பிடித்து விலை பேசுவதும், எடையில் மோசமும், தரகு, தர்மம், மாதிரி என்று பல பெயர்களில் பிடித்தம் செய்வதும் பழைய மண்டிகளில் சகஜமாயிருந்தன. 1928-ல் ராயல் விவசாயக் கமிஷன் ஒழுங்குபடுத்திய சந்தைகள் வேண்டுமென்று சிபாரிசு செய்தது. 1933-ல் சென்னை மாகாணத்தில் வர்த்தகப் பயிர்ச் சந்தைச் சட்டம் பிறந்தது. 1936-ல் திருப்பூரில் பருத்திக்கு முதற் சந்தை அமைந்தது. பழைய மண்டிக்கு ஒரு மேற்பார்வையாளரை நியமித்ததோடு அச்சீர்திருத்தம் நிற்கவில்லை; பேரம் நடக்கும் முறையையே மாற்றிற்று. அதுவே அதன் பெருமை.

இப்போது மற்றொரு மாறுதல் வந்திருக்கிறது. இ-நாம் என்னும் தேசிய மின்னணு வேளாண் சந்தை 2016 ஏப்ரல் 14-ந் தேதி தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டுக் கூடங்கள் பலவும் அதில் சேர்ந்துள்ளன. தூரத்து வியாபாரியும் விலை கூறலாம். பணம் பாங்கிக் கணக்கில் சேரும். நல்ல ஏற்பாடே. ஆனால் ரிஜிஸ்தரில் எழுதியதையே கம்ப்யூட்டரிலும் எழுதுவதானால், சிப்பந்தியின் வேலை இரட்டிக்குமேயன்றிக் குடியானவன் காத்திருக்கும் நேரம் குறையாது.

அமெரிக்காவில் போர்டு மோட்டார் கம்பெனி கற்ற பாடம் இங்கே கவனிக்கத்தக்கது. 1980-களின் தொடக்கத்தில், சரக்கு அனுப்பியவர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்ய மட்டும் அங்கே 500-க்கு மேற்பட்டவர்கள் இருந்தனர். கம்ப்யூட்டர்களைக் கொண்டு நூற்றுக்கு 20 பேரைக் குறைக்க எண்ணினார்கள். ஜப்பானிய மாஜ்டா கம்பெனியில் அவ்வேலையை 5 பேர் செய்வதைக் கண்டதும் கண் திறந்தது. ஆர்டர், வரவுச் சீட்டு, பில் மூன்றையும் ஒத்துப் பார்ப்பதில் காலம் கழிவதை உணர்ந்து, பில்லையே ஒழித்தனர். ஆர்டர்ப்படி சரக்கு வந்து சேர்ந்தால் பணம் என்பது புது விதியாயிற்று. வேலையாட்கள் நூற்றுக்கு 75 வீதம் குறைந்தனர். மைக்கேல் ஹாமர் 1990-ல் எழுதிய கட்டுரையால் இது உலகெங்கும் பிரசித்தமாயிற்று. ஆட்களைக் குறைப்பது நமது நோக்கமன்று. வேண்டாத படிகளை ஒழிப்பதே நாம் கொள்ளத்தக்க பாடம்.

அதை இங்கே பிரயோகிப்பது எப்படி? சரக்கு வாசலில் நுழைந்ததும் குடியானவன் கண்ணெதிரே எடையும் தரமும் ஈரப்பதமும் ஒரே முறையில் பதிவாக வேண்டும். ஒவ்வொரு குவியலுக்கும் ஓர் எண் கொடுத்து, கடைசிவரை அந்த எண்ணே வழங்க வேண்டும். எடை முன்னரே நிச்சயமாகிவிட்டால், விலை முடிந்த கணத்தில் தொகையும் முடிந்துவிடும். பணம் கணக்கில் சேர்ந்த பிறகே சரக்கு வெளியேற வேண்டும்.

உடனே பணம் செலுத்தச் சிறு வியாபாரிக்குச் சக்தியில்லை, ஆலைக்காரர் பணம் தந்த பின்னரே அவர் தரமுடியும் என்று ஆட்சேபம் எழலாம். அது நியாயமற்றதன்று. ஆனால் வியாபாரிக்குக் கடன் தரவேண்டியது பாங்கியா, குடியானவனா? பணம் தாமதமாகும் நாளெல்லாம் குடியானவனே வட்டியில்லாக் கடன் கொடுத்தவனாகிறான். அவனோ தன் அவசரத்துக்கு வட்டிக்குக் கடன் வாங்குகிறான்; அடுத்த முறை தோட்டத்திலேயே வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறான். கூடத்தில் எத்தனை நல்ல விலை கிடைத்தும் அவனுக்குப் பிரயோஜனமில்லை. ஆதலால் வியாபாரிகளுக்குத் தக்க ஜாமீனின் பேரில் பாங்கிக் கடன் கிடைக்க வழி செய்வதும் இச்சீர்திருத்தத்தின் ஒரு பகுதியே.

ஏலத்துக்கு வந்த மூட்டைகளின் தொகையைக் கொண்டு மட்டும் கூடத்தின் சேவையை மதிப்பிடலாகாது. வாசலில் வண்டி நுழைந்தது முதல் பணம் கைக்கு வரும் வரை எத்தனை நாழிகை சென்றது என்பதே சரியான அளவுகோல். அக்கணக்கை ஏலந்தோறும் கூடத்தின் பலகையில் எழுதி வைக்குமாறு விற்பனைக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். கொங்கு நாட்டுத் தேச ஊழியர்களும் ஏல நாட்களில் நேரில் சென்று, குடியானவர்களோடிருந்து, எந்தப் படியில் காலம் வீணாகிறதென்று குறித்து வருவார்களாக. யந்திரத்தைச் சர்க்கார் தரலாம். அதனால் யாருக்கு நன்மை என்பதைக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டியது ஜனங்களின் கடமை.