சீசர் வீட்டுக் கணக்கும் சோழர் வீட்டுக் கணக்கும்

சென்ற பொங்கலை ஒட்டிச் சிரம்பானுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றின் மண்டபத்தில் ஒரு கூட்டம் நடைபெற்றது. வந்திருந்த பிரசங்கியார், 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழர் கடல் கடந்து கடாரத்தை வென்ற பெருமையை ஒன்றரை மணி நேரம் முழங்கினார். "கடாரங் கொண்டான் பரம்பரை நாம்!" என்று அவர் கூவியபோதெல்லாம் கைதட்டல் காதைத் துளைத்தது. கூட்டங் கலைந்தபின் நாற்காலிகளை அடுக்கிக் கொண்டிருந்த என்னிடம், பால்மரத்திலும் செம்பனையிலுமாக வாழ்நாளைத் தேய்த்த பாட்டி ஒருத்தி வந்து, "ஏங்க கிராணி, அந்த ராசா கப்பல்ல துடுப்புப் போட்டது யாருங்க?" என்று கேட்டாள்.

பிரசங்கியார் அதற்குள் போய்விட்டார். ஆங்கிலத்தில் கல்வி கற்று, தோட்டக் காரியாலயத்தில் பேரேடு எழுதிப் பிழைக்கும் என்னிடமும் விடையில்லை. அன்று முதல் என் நெஞ்சை அறுத்து வரும் அக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். நம்மவர்க்குக் கசக்குமாயினும் சொல்லியே தீருவேன்: மன்னர்க்கு மாலை சூட்ட மட்டுமே கற்ற சமூகம், துடுப்புப் போட்டவனின் பெயரை ஒருநாளும் அறியப் போவதில்லை.

மாலை சூட்டாமலும் அரசர் கதை சொல்லலாம் என்பதற்கு ஒரு சான்று காட்டுகிறேன். 1976-இல் பி.பி.ஸி. தொலைக்காட்சி "நான், கிளாடியஸ்" என்னும் தொடர் நாடகத்தை ஒளிபரப்பியது. ராபர்ட் கிரேவ்ஸ் 1934-லும் 1935-லும் வெளியிட்ட இரண்டு நாவல்களை ஜாக் புல்மன் நாடகமாக்கினார். உரோமாபுரியின் முதற் சக்கரவர்த்திகளான அகஸ்டஸ், டைபீரியஸ், கலிகுலா, கிளாடியஸ் ஆகியோர் குடும்பத்து விருத்தாந்தமே அதன் பொருள். அதிலே யானைப் படை இல்லை. குதிரைப் படை இல்லை. கோட்டை கொத்தளங்கள் இடிந்து விழுவதில்லை. எல்லாம் நிலையத்து நான்கு சுவர்களுக்குள் எடுக்கப்பட்டவை. சில அறைகள், சில தூண்கள், பேசுகின்ற மனிதர்கள், அவ்வளவே. ஆயினும் அதைக் கண்டு முடித்தவன் எவனும் "சக்கரவர்த்தி" என்ற சொல்லைப் பழைய மயக்கத்தோடு உச்சரிக்க மாட்டான்.

கதை சொல்பவர் யார்? கால் நொண்டி, நாக்குத் திக்கி, சொந்தத் தாயாலேயே இகழப்பட்டு, மூடன் என்று ஒதுக்கப்பட்டதனாலேயே உயிர் தப்பிய கிளாடியஸ். கலிகுலா கொல்லப்பட்ட கி.பி. 41-இல் இவர் திரைச்சீலைக்குப் பின்னே நடுங்கி ஒளிந்திருந்தார் என்றும், கீழே தெரிந்த கால்களைக் கண்ட போர்வீரன் ஒருவன் அவரை வெளியே இழுத்துச் "சக்கரவர்த்தி" என்று வணங்கினான் என்றும் சரித்திரம் கூறும். தெய்வ கடாட்சமும் இல்லை, நல்ல நாழிகையும் இல்லை! பட்டாளத்தானின் கையிலிருந்த வாளே அவருக்கு முடி சூட்டியது.

இக்கதையைப் பாதுகாத்துத் தந்தவர்களில் ஒருவர் சூட்டோனியஸ். அவர் யார் தெரியுமோ? ஹேட்ரியன் சக்கரவர்த்தியின் அரண்மனையில் கடிதப் போக்குவரத்தைக் கவனித்த காரியதரிசி. நம் தோட்டத்து மொழியிற் சொன்னால் ஒரு பெரிய கிராணி! சீசர்களின் வீட்டுக் கணக்கை உலகுக்கு எடுத்துக் காட்டியது ஒரு கிராணியின் பேனா. அவர் எழுதிய செய்திகளுள் ஒன்றை மறக்கவே இயலாது. கிளாடியஸ் இளமையில் உரோமாபுரியின் உள்நாட்டுப் போர்களைப் பற்றிச் சரித்திரம் எழுதத் தொடங்கினாராம். தாயும் பாட்டியும் அடிக்கடி கடிந்துகொண்டமையால், உண்மையை அஞ்சாமல் எழுத முடியாதென்று கண்டு, அப்பகுதியைத் தாண்டிப் பிற்காலத்துக்குப் போய்விட்டாராம். அரச குலத்திற் பிறந்தவனுக்கே "வீட்டுக் கதையை வெளியே சொல்லாதே" என்ற வாய்ப்பூட்டு! நம் மேடைகளில் இன்று விழும் பூட்டும் இதுவேயன்றோ?

அந்நாடகம் அப்பழுக்கற்றது என்று நான் வாதிக்க வரவில்லை. அகஸ்டசின் மனைவி லிவியாவை அது வீடு முழுவதற்கும் நஞ்சிட்டவளாகச் சித்திரிக்கிறது. டாசிட்டஸ் போன்றோர் எழுதி வைத்த ஐயங்களன்றி அதற்கு உறுதியான சான்றில்லை. பழிகளைப் பெண்ணின் தலையிற் சுமத்தும் பழைய புத்தி அங்கும் உண்டு. அடிமைகளோ தட்டேந்தி வருவதோடு சரி. அவர்களுடைய கதை அங்கும் சொல்லப்படவில்லை. எனினும் அரசனைப் பீடத்திலிருந்து இறக்கி மனிதனாக நிறுத்தும் முதற்படியை அது ஏறிவிட்டது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கி.பி. 43-இல் பிரிட்டன்மீது படையெடுத்து அதை அடிமைகொண்டவர் இந்தக் கிளாடியசே. வென்றவனையும் துதிக்காமல், வசையும் பாடாமல், அவனைத் திக்குவாயோடும் அச்சத்தோடும் அறிவோடும் காட்ட, வெல்லப்பட்ட நாட்டார்க்கு இயன்றது.

"உரோமாபுரிக்கும் நமக்கும் என்ன உறவு?" என்று கேட்பீராயின், உறவு உண்டு. அகஸ்டஸ், டைபீரியஸ் தலை பொறித்த காசுகள் கொங்கு நாட்டு மண்ணிலிருந்து குடங்குடமாகக் கிடைத்திருக்கின்றன. நம் மிளகுக்கும் முத்துக்கும் அவர்கள் கொடுத்த விலை அது. ஆனால் காசைக் காட்டிலும் நெருங்கிய உறவு ஒன்றுண்டு. அவர்கள் வீட்டிலே நடந்தது நம் வேந்தர் வீட்டிலும் நடந்தது.

சுந்தர சோழரின் மூத்த மகன், பட்டத்துக்குரிய ஆதித்த கரிகாலன், 969-ஆம் ஆண்டை ஒட்டிக் கொல்லப்பட்டான். பின்னர் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் உத்தம சோழர் ஆண்டார். அதன்பின் முடிசூடிய இராசராசரின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்ட உடையார்குடிக் கல்வெட்டில், கொலையாளிகளான சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரும் அவர் உறவினரும் தம் நிலங்களை இழந்த செய்தி காணப்படுகிறது. அவர்களுள் இருவர் பிரமாதிராசன் என்னும் பட்டம் தாங்கிய அரசாங்க அதிகாரிகள், பிராமணர்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் நடந்தது என்ன? நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழர்மீதே ஐயங்கொண்டார்; சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். வழக்கு இன்னும் முடியவில்லை.

ஒரு கிரேவ்ஸ் கையில் இது கிடைத்திருந்தால் எப்படியிருக்கும்! நாம் செய்தது யாது? கல்கி 1950-இல் தொடங்கித் தொடராக எழுதிய "பொன்னியின் செல்வன்" சுவை மிகுந்த நூல். நானும் இரவு கண் விழித்துப் படித்தவனே. அதிலே சதியும் உண்டு, சிற்றரசர் சூழ்ச்சியும் உண்டு. ஆனால் கதாநாயகன்மீது ஒரு துளி அழுக்கும் ஒட்டாதபடி ஆசிரியர் காத்துக்கொண்டார். 2022-லும் 2023-லும் வெளிவந்த திரைப்படங்கள் அக்கதைக்கு மேலும் பட்டும் பொன்னும் போர்த்தின. வாசகனும் இரசிகனும் கேள்வியோடு வெளிவரவில்லை. மீசையை முறுக்கிக்கொண்டு வெளிவந்தார்கள்.

அரண்மனைக் கொலையை விடுங்கள். தஞ்சைப் பெரிய கோயிற் சுவரைப் பாருங்கள். சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்தும் கொண்டுவந்து குடியேற்றப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும், வந்த ஊரும், குடியிருக்கும் தெருவும் அங்கே எழுதப்பட்டுள்ளன. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். செக்ரோல் எழுதும் எனக்கு அந்தச் சுவரைப் பற்றிப் படித்தபோது உடல் சிலிர்த்தது. பெயரும் லயமும் கூலியும் குறிக்கும் அதே கணக்கு! அப்பெண்கள் விரும்பி வந்தார்களா, அழுதுகொண்டு வந்தார்களா என்பதற்கு மட்டும் பத்தி இல்லை. அந்தப் பத்தியை நிரப்புவதல்லவா நாடகாசிரியனின் வேலை?

நம்மவர்க்கு இத்துணிவு புதிதுமன்று. 1940-களிலேயே அண்ணாவின் "சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்" நாடகம், வாளால் நாட்டை வென்ற வீரன் முடிசூடுவதற்குப் புரோகிதரிடம் கைகட்டி நிற்க நேர்ந்ததை மேடையேற்றிக் காட்டியது. அந்தத் திரியை ஊதி அணைத்தவர் யார்? நாமேதான்.

"இந்நாட்டில் நாம் சிறுபான்மையர். மற்றவர் நம்மைத் தாழ்வாகப் பேசும்போது நம் மன்னரின் குறையை நாமே பேசலாமா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இதை நான் அலட்சியம் செய்யவில்லை. அடிபட்டவனுக்கு ஒரு தழும்பாவது பெருமையாக இருக்கட்டும் என்ற வேதனை அதில் இருக்கிறது. ஆனால் தோழர்களே, கடாரப் பெருமை ஒழுகும் கூரைக்கு ஓலையாகுமா? நம் பாட்டன்மார் கடாரங் கொள்ள இங்கு வரவில்லை. கங்காணியின் சொல்லை நம்பி, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, காட்டை அழித்து, இரப்பர் நட்டு, காய்ச்சலுக்கு இரையானார்கள். 1942-43-இல் சயாம் மரண இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு ஆயிரமாயிரமாக மடிந்தார்கள். இராசேந்திரனின் பேரன் என்று சொல்லிக்கொள்ளும் இளைஞனுக்குத் தன் கொள்ளுப்பாட்டனின் பெயர் தெரியவில்லை. பொய்ப் பாட்டனைத் தோளில் தூக்கிக்கொண்டு மெய்ப் பாட்டனைக் காட்டிலே விட்டுவிடுவதா பெருமை?

இதிலே என் குலத்தாரின் குற்றத்தையும் மறைக்க மாட்டேன். விடியற்காலைப் பெரட்டில் ஆள் பெயரை வாசித்தவன் கிராணி. நோயாளிக்கு அரைப்பேர் போட்டவன் கிராணி. துரைக்கு வேண்டியதை எழுதி, தொழிலாளிக்கு வேண்டியதை விட்டுவிட்டவனும் அவனே. நமக்கு எழுத்து தெரியும். இதுகாறும் யாருக்காக எழுதினோம் என்பதே வழக்கு.

ஆகவே நாடகம் எழுதுவோர்க்கும், படம் எடுப்போர்க்கும், மேடையேறுவோர்க்கும் சொல்கிறேன். கோடி ரூபாய்க் கோட்டை வேண்டா. நான்கு சுவரும் நல்ல நடிகரும் போதும் என்பதை அந்தப் பழைய நாடகம் காட்டிவிட்டது. உடையார்குடிக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தளிச்சேரிப் பெண் ஒருத்தியை வாய் திறக்கச் செய்யுங்கள். சயாமுக்குப் போனவனின் மனைவி லயத்து வாசலில் காத்திருந்ததை எழுதுங்கள். அடுத்த பொங்கலுக்கு அந்தப் பிரசங்கியார் மறுபடி வரக்கூடும். அவர் கடாரத்தைக் கொண்டு முடித்தவுடன், பாட்டியின் கேள்வியை நான் எழுந்து கேட்பேன். என்னோடு எழுந்து நிற்க எத்தனை பேர் இருக்கிறீர்கள்?