பொறுப்பு கட்டாயம், ஊதியம் மட்டும் விருப்பமா?

2024 ஜூன் மாதம் அரசின் நிர்வாக மையமான புத்ராஜெயாவிலிருந்து இரண்டு முடிவுகள் நடப்புக்கு வந்தன. ஒன்று, திருத்தப்பட்ட தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். வேலையிடப் பாதுகாப்பில் தவறும் முதலாளிக்கான அபராதத்தின் உச்சவரம்பு 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டுக்கு ஏறியது. நிறுவனத்தின் இயக்குநரோடு மேலாளர் மீதும் நேரடியாக வழக்குத் தொடரலாம் என்றும் ஆனது. மற்றொன்று, முற்போக்குச் சம்பளக் கொள்கையின் முன்னோட்டம். திறனும் அனுபவமும் கூடக்கூட ஊதியமும் கூட வேண்டும் என்பது அதன் நோக்கம். அதில் சேர்வதும் சேராமல் இருப்பதும் முதலாளியின் விருப்பம் என்று விட்டுவிட்டார்கள்.

ஒரே மாதத்தில், ஒரே அரசின் பொறுப்பில் உள்ள இரண்டு விஷயங்கள். பொறுப்பை ஏற்றும்போது சட்டத்தின் கடுமையைக் காட்டியவர்கள், ஊதியம் என்று வந்ததும் முதலாளியின் நல்ல மனத்தை நம்பச் சொன்னார்கள். இதை நாம் ஏற்கவில்லை.

சம்பளக் கொள்கையின் விவரங்கள் இவை. 2023 நவம்பர் 30-இல் மக்களவை அதன் வெள்ளை அறிக்கையை ஏற்றது. முன்னோட்டத்தில் 1,500 முதல் 4,999 ரிங்கிட் வரை வாங்கும் ஊழியர்களுக்கே இடம். ஊதியத்தை உயர்த்தும் முதலாளிக்கு, தொடக்கநிலை ஊழியர் ஒருவருக்கு மாதம் 200 ரிங்கிட் வரையும் மற்றவருக்கு 300 ரிங்கிட் வரையும், அதிகபட்சம் 12 மாதங்களுக்கு ஊக்கத்தொகை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு 20 கோடி ரிங்கிட் ஒதுக்கி, 50,000 ஊழியர்கள் பயனடைவார்கள் என்றார்கள். ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டோர் உழைக்கும் நாட்டில் 50,000 பேர் என்பது எந்த மூலைக்கு?

இந்த முடிவால் கைவிடப்பட்டவர்கள் பலர். அவர்களில் ஒரு பிரிவினரைப் பற்றி யாருமே பேசவில்லை என்பதால் நாம் பேசுகிறோம். அவர்கள் கட்டுமானத் துறையின் திட்ட மேலாளர்கள்.

மலாக்காவின் குருபோங் தொழிற்பேட்டையில் புதிய தொழிற்சாலை எழுகிறது. செங், பாயா ரும்புட், டுரியான் துங்கல் பக்கம் புதிய தாமான்கள் முளைக்கின்றன. ஒவ்வொரு தளத்திலும் காலை முதல் ஆளாக வந்து, இரவு கான்கிரீட் லாரி போன பிறகு வீடு திரும்பும் ஒருவர் இருக்கிறார். கால அட்டவணை, செலவு, தரம், பாதுகாப்பு, துணைக் குத்தகையாளர்களின் சண்டை, நகராண்மைக் கழகத்தின் கேள்விகள் அனைத்தும் அவர் தலையில்தான். அவர்களில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிடிபிடிஎன் கல்விக் கடன் வாங்கிப் பொறியியல் படித்து, சைட்டில் வெயிலில் காய்ந்து, பத்தாண்டுகளில் மேலாளர் நாற்காலிக்கு வந்தவர்கள். அவர்களின் ஊதியம் எப்படி முடிவாகிறது என்று தெரிந்தால் எவருக்கும் கோபம் வரும்.

டெண்டர் தயாராகும் விதம் அந்தத் தொழிலில் உள்ள எல்லாருக்கும் தெரியும். அளவுப் பட்டியலில் இரும்பு, சிமெண்ட், மணல், பைலிங் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கும். அந்த விலையைச் சந்தை சொல்கிறது. குத்தகையாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இரும்பை ஓர் அளவுக்குக் கீழே வாங்க முடியாது. பட்டியலின் முதல் பகுதிக்கு அந்தக் காவல் இல்லை. பிரிலிமினரீஸ் என்று சொல்லப்படும் அந்தப் பகுதியில்தான் தள அலுவலகம், தடுப்பு வேலி, காப்புறுதி, பாதுகாப்பு ஏற்பாடு, தளப் பணியாளர் சம்பளம் எல்லாம் அடங்குகின்றன. குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்று இருக்கும்போது, கத்தி வைக்க இடமுள்ள பகுதி அதுதான். திட்ட மேலாளரின் ஊதியம் சரியாக அங்கேதான் கிடக்கிறது.

முதல் வெட்டு டெண்டர் மேசையிலேயே விழுகிறது. பொறியாளர் ஒருவர், பாதுகாப்பு அதிகாரி ஒருவர், மேற்பார்வையாளர் இருவர் தேவைப்படும் தளத்துக்குப் பாதிப் பேருக்குத்தான் கணக்குப் போடப்படுகிறது. விடுபட்டவர்களின் வேலை மேலாளரிடம் வந்து சேர்கிறது. ஊதியம் ஒரு ஆளுக்கு, உழைப்பு மூவருக்கு.

அடுத்த வெட்டு வேலை தாமதமாகும்போது விழுகிறது. மழை, வடிவமைப்பு மாற்றம், அனுமதி தாமதம் என்று எந்தக் காரணத்தால் வேலை இழுத்தாலும் தளச் செலவு மாதாமாதம் ஓடிக்கொண்டே இருக்கும். கால நீட்டிப்புக் கிடைத்தாலும் அதற்கான பணம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. நீட்டிப்பும் கிடைக்காவிட்டால் ஒவ்வொரு நாளுக்கும் தாமத இழப்பீடு. அந்த நட்டத்தைக் குத்தகையாளர் எங்கே ஈடுகட்டுவார்? மேலாளரின் போனஸ் போகும். ஊதிய உயர்வு அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படும். அடுத்த ஆண்டு வேறொரு காரணம் வரும்.

மூன்றாவது வெட்டு வேலை முடியும்போது. பலருக்கு நியமனக் கடிதமே திட்டக் காலத்துக்கு மட்டும். கட்டடம் முடிந்ததற்கான சிசிசி சான்றிதழ் வாங்கிக் கொடுத்த கையோடு அவர் வேலையில்லாதவர் ஆகிறார். அடுத்த நேர்காணலில் பழைய சம்பளத்தைக் கேட்டு, அதற்கும் கீழே பேரம் பேசுகிறார்கள். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் நிற்கையில் எத்தனை பேரால் மறுக்க முடியும்?

குத்தகையாளரின் பணத்துக்கு 2014 ஏப்ரல் முதல் ஒரு காவல் உண்டு. கட்டுமானத் துறைக் கொடுப்பனவு, தீர்ப்பளிப்புச் சட்டத்தின்படி, வேலை செய்தும் பணம் வராவிட்டால் அவர் விரைவான தீர்ப்புக் கேட்கலாம். அந்தப் பணத்தைச் சம்பாதிக்கத் தளத்தில் நின்றவரின் ஊதியம் உயருவதற்கு அப்படி ஒரு காவலை எவரும் யோசிக்கவில்லை.

திட்டத்தின் மதிப்பு, கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியின் தரவரிசையில் குத்தகையாளரின் நிலை, பதிவு பெற்ற பொறியாளர் தகுதி, சிஐடிபியின் திட்ட மேலாளர் சான்றிதழ், ஆண்டுக் கணக்கான அனுபவம், வேலை செய்யும் ஊர் ஆகியவை ஊதியத்தை முடிவு செய்கின்றன என்று நிபுணர்கள் பட்டியல் போடுகிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஜொகூரின் தரவு மையங்களும் கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரிய திட்டங்களும் தரும் சம்பளத்தை மலாக்காவின் வீடமைப்புத் திட்டம் தராது. தரவரிசையின் அடியிலுள்ள ஜி1 குத்தகையாளர் எடுக்கும் வேலையின் மதிப்புக்கு வரம்பு உண்டு, உச்சியிலுள்ள ஜி7-க்கு வரம்பே இல்லை. ஆனால் ஒருவர் எத்தனை சான்றிதழ் சேர்த்தாலும், அவர் சம்பளம் டெண்டரில் வெட்டப்படும் பகுதியிலேயே இருக்கும்வரை அந்தச் சான்றிதழ்களுக்கு உரிய விலை கிடைக்காது. படி, பயிற்சி எடு, திறனை வளர்த்துக்கொள் என்று ஊழியருக்கு அறிவுரை சொல்வோர் இதைச் சொல்வதில்லை.

சட்டமாவது துணை நிற்கிறதா? திருத்தங்கள் 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த 1955 வேலைச் சட்டம் எல்லா ஊழியரையும் உள்ளடக்குகிறது என்று பெருமையாக அறிவித்தார்கள். மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குவோருக்கு மிகைநேர ஊதியமும், ஓய்வு நாள், பொது விடுமுறை வேலைக்கான கூடுதல் ஊதியமும், பணிநீக்க ஈட்டுத்தொகையும் அந்தச் சட்ட உரிமையில் வராது. முற்போக்குச் சம்பளக் கொள்கையோ 4,999 ரிங்கிட்டோடு நின்றுவிடுகிறது. திட்ட மேலாளர் இந்த இரண்டு கோடுகளுக்கும் மேலே தள்ளப்பட்டு, பாதுகாப்பு ஏதுமின்றி நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை கான்கிரீட் போட வேண்டும் என்றால் வந்தாக வேண்டும், அதற்குத் தனி ஊதியம் கேட்கச் சட்டத்தில் வழியில்லை. அதே ஞாயிற்றுக்கிழமை சாரம் சரிந்தால் நீதிமன்றத்தில் அவர் பெயரும் இருக்கும்.

அரசு ஊழியர்களில் பெரும்பாலோருக்கு 2024 டிசம்பரில் 8 விழுக்காடும் 2026 ஜனவரியில் 7 விழுக்காடும் ஊதியம் உயர்த்தப்பட்டது. அவர்கள் பெற்றதில் நமக்கு வருத்தமில்லை, மகிழ்ச்சியே. அரசால் முடியும் என்பதற்கு அது சான்று. அதே அரசு தனியார் துறையைப் பார்த்து மட்டும் ஏன் கெஞ்சுகிறது?

தெற்கே பாருங்கள். சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியருக்கான எஸ் பாஸ் வேலை அனுமதிக்கு 2025 செப்டம்பர் முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,300 சிங்கப்பூர் வெள்ளி. நம் பணத்தில் அது 10,000 ரிங்கிட்டை ஒட்டி வருகிறது. அங்கே அரசு ஒரு தளம் போட்டிருக்கிறது, அதற்குக் கீழே பேரம் இல்லை. மலாக்காவிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் அது கிடைக்கும்போது, அனுபவமுள்ள மேலாளர் இங்கே ஏன் இருக்க வேண்டும்? போனவர்களைக் குறை சொல்வதற்கு இங்கே எவருக்கும் தகுதியில்லை.

ஊதியத்தை முதலாளியின் கருணைக்கு விடுவது நம் சமூகம் புதிதாகப் பார்க்கும் கதையும் அல்ல. மலாக்காத் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, மழை பெய்தால் கூலியில்லை, பால் குறைந்தால் கூலியில்லை என்ற கணக்கில் வாழ்ந்தார்கள். மாதச் சம்பளம் கேட்டுத் தோட்டத் தொழிலாளர்கள் பல பத்தாண்டுகள் போராடினார்கள். ஒவ்வொரு முறையும் தொழில் நலிந்துவிடும், பொறுத்திருங்கள் என்ற பதில்தான். நாடு விடுதலை பெற்று 55 ஆண்டுகள் கழிந்த பிறகே, 2013 ஜனவரியில், தீபகற்பத்தில் 900 ரிங்கிட் என்ற குறைந்தபட்சச் சம்பளம் சட்டமானது. அதற்குள் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் தாமான்களின் ஓரங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். தோட்டத்தில் மழை நாளில் கூலி நின்றது. தளத்தில் திட்டம் முடிந்த நாளில் சம்பளம் நிற்கிறது. இரண்டு தலைமுறை படித்து மேலே வந்தும் நிலையற்ற கூலியிலிருந்து நாம் தப்பவில்லை.

சட்டம் வந்த பிறகாவது திருந்தினார்களா? 2018 செப்டம்பரில் குறைந்தபட்சச் சம்பளத்தை 1,000 ரிங்கிட்டிலிருந்து 1,050 ரிங்கிட்டாக உயர்த்துவதாக அறிவித்தார்கள். 1,500 தருவோம் என்று தேர்தலில் வாக்குக் கேட்டவர்கள் ஐம்பது ரிங்கிட்டை நீட்டினார்கள். தொழிலாளர்கள் வீதிக்கு வந்த பிறகே அது 1,100 ஆனது. 1,500 வர 2022 மே வரை காத்திருந்தோம். 1,700 ஆனது 2025 பிப்ரவரியில். கூச்சல் போட்டால் கொஞ்சம், போடாவிட்டால் ஒன்றுமில்லை என்பதே இவர்கள் நடத்தும் ஊதியக் கொள்கை. திட்ட மேலாளர்கள் கூச்சல் போடத் தெரியாதவர்கள். அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காததில் வியப்பில்லை.

மேலாண்மைக்கு மதிப்புக் கொடுக்காத ஆட்சியாளர்களின் திட்டங்கள் என்ன ஆயின என்று மலாக்காக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஆற்றங்கரையில் 1.6 கிலோமீட்டர் மோனோரயில். ஒன்றரைக் கோடி ரிங்கிட்டுக்கு மேல் செலவழித்து 2010-இல் திறந்தார்கள். திறந்த வேகத்திலேயே பழுதானது. வண்டி ஓடிய நாட்களைவிட நின்ற நாட்களே நம் நினைவில் உள்ளன. 2014-இல் மலாக்கா கேட்வே திட்டம் ஆரவாரமாகத் தொடங்கியது. 4,300 கோடி ரிங்கிட் திட்டம் என்றார்கள். 2020 நவம்பரில் மாநில அரசே ஒப்பந்தத்தை முறித்தது. கடலைத் தூர்த்ததில் போர்ச்சுகீசியக் குடியிருப்பு மீனவர்களின் பிழைப்பு பட்ட பாடு மட்டும் மிஞ்சியது.

திரங்கானுவின் சுல்தான் மிசான் அரங்கம் இன்னும் கொடுமை. 2008-இல் திறந்த அரங்கத்தின் கூரை 2009 ஜூனில் சரிந்து விழுந்தது. வடிவமைப்பிலும் வேலைத்தரத்திலும் குறைகள் இருந்ததாக விசாரணைக் குழு சொன்னது. 2013-இல் மீண்டும் சரிந்தது. நம் ஹங் ஜெபாட் அரங்கத்துக்குக் குடும்பத்தோடு பந்து பார்க்கப் போகிறவர்கள் அதை ஒரு கணம் நினைத்துப் பார்க்கட்டும். திறமையான மேலாளருக்குக் கொடுக்க மறுத்த பணத்தைப் போலப் பல மடங்கு, பழுதுபார்ப்பதிலும் இடிப்பதிலும் கரைகிறது. கரைவது மக்கள் வரிப்பணம்.

சிறு குத்தகையாளர்கள் என்ன செய்வார்கள், அவர்களும் நம்மவர்கள்தானே என்று கேட்போர் உண்டு. அவர்களின் நெருக்கடி உண்மையானது. 2025 ஜூலை முதல் கட்டுமானச் சேவைக்கு 6 விழுக்காட்டு வரியும் சேர்ந்துகொண்டது. அந்தச் சுமையை ஏற்றியவர்களும் இதே முடிவெடுப்பவர்களே. குத்தகையாளரைக் குறைந்த விலைக்குப் பிழிவதும் அவர்கள், அவர் பிழியும் மேலாளரைக் காப்பாற்ற மறுப்பதும் அவர்கள். ஒரு தவற்றைக் காட்டி இன்னொரு தவற்றை நியாயப்படுத்த நாம் விடமாட்டோம்.

இந்த நிலை மாற வேண்டும். கொள்கையை வகுத்தவர்கள் கட்டுமானத் துறையை மீண்டும் திறந்த மனத்தோடு பார்க்க வேண்டும். பொறியாளர்கள், குத்தகையாளர்கள், மேம்பாட்டாளர்கள் எல்லாரையும் அழைத்துப் பேசி, தளத்தின் பொறுப்பைச் சுமப்பவருக்கு நியாயமான ஊதியம் உறுதியாகும்படி ஒரு வழி காண வேண்டும். அந்த ஊதியம் டெண்டரின் வெட்டுக்குத் தப்ப வேண்டும், திட்டத்தோடு சேர்ந்து முடியக் கூடாது. நம் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களும் கோயில் திருவிழாக்களில் மாலை வாங்குவதோடு நின்றுவிடாமல் இதைக் கேள்வியாக எழுப்ப வேண்டும். துறையில் உள்ள இளைஞர்கள் இனியும் தனித்தனியாகப் பேரம் பேசிக்கொண்டிருக்காமல் ஒன்றுசேர்ந்து பேச வேண்டும்.

ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் அளவுக்குப் பொறுப்பைச் சட்டமாக்கத் தெரிந்த அரசுக்கு, அவருடைய ஊதியத்தைச் சட்டமாக்கவும் கடமை உண்டு. விருப்பமிருந்தால் கொடுங்கள் என்று சொன்ன முடிவு தவறான முடிவு. அதைத் திரும்பப் பெறுங்கள்.