தோப்பூர் வீட்டுக்கு எந்தக் கணினி?

திருகோணமலையிலோ மூதூரிலோ ஒரு கணினிக் கடைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது பெட்டியில் ஒட்டியிருக்கும் விலைத்துண்டுதான். "கோர் ஐ7, 8 ஜி.பி. ரெம், 1 டி.பி. ஹாட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பக்கத்து மேசையில் "கோர் ஐ3, 8 ஜி.பி. ரெம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி." என்று இன்னொரு பெட்டி இருக்கும். தோப்பூரிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்த வாப்பா எதைக் கைகாட்டுவார் என்று ஊகிப்பது கடினமல்ல. மூன்றைவிட ஏழு பெரியது. 256ஐவிட ஆயிரம் பெரியது. அந்தக் கணக்கிலேயே பல வீடுகளின் சேமிப்பு பாழாகிறது.

ஐ7 என்பது ஒரு வரிசையின் பெயர். எந்த ஆண்டில் செய்த சில்லு என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது அதற்குப் பின்னால் வரும் எண். ஐ7-4770 என்றால் நான்காம் தலைமுறை. இன்டெல் நிறுவனம் 2013இல் சந்தைக்கு விட்டது. ஐ3-12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022இல் வந்தது. இரண்டிலும் நான்கு கோர்கள்தான், எட்டு இழைகள்தான். ஆனால் ஒன்பது ஆண்டு இடைவெளியில் சில்லின் உள்ளமைப்பு முழுக்க மாறிவிட்டதால், அந்த "சின்ன" ஐ3 பழைய ஐ7ஐக் கணிசமாக முந்துகிறது, மின்சாரத்தையும் குறைவாக எடுக்கிறது. கோட்டுக்குப் பின்னால் நான்கு இலக்கம் இருந்து, அது 1இல் தொடங்காவிட்டால் முதல் இலக்கம் தலைமுறை. ஐந்து இலக்கம் இருந்தாலோ, நான்கு இலக்கம் 1இல் தொடங்கினாலோ முதல் இரண்டு இலக்கம் தலைமுறை. அண்மைக்கால "கோர் அல்ட்ரா" போன்ற பெயர்களுக்கு இந்த விதி பொருந்தாது. ஆனால் நமது ஊர்க் கடைகளில் நடுத்தர வருமானக் குடும்பம் வாங்கும் விலையில் கிடைக்கும் பெரும்பாலான பெட்டிகளுக்கு இது போதும்.

இந்த எண்ணுக்கு இப்போது முன்னெப்போதும் இல்லாத மதிப்பு வந்திருக்கிறது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு மைக்ரோசொப்ட் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை நிறுத்திவிட்டது. தனிப்பட்ட பாவனையாளர்களுக்குக் கூடுதலாக ஓராண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கிறது. அதற்கு மேல் விண்டோஸ் 11தான். அதுவோ, இன்டெல் என்றால் மிகச் சில விதிவிலக்குகள் தவிர எட்டாம் தலைமுறைக்குக் கீழே முறையாக ஏறாது. டீ.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புக் கூறும் வேண்டும். ஆகவே உலகெங்கும் அலுவலகங்கள் எட்டாம் தலைமுறைக்கு முந்திய இயந்திரங்களைக் கழித்துக்கட்டுகின்றன. கழித்துக்கட்டியவை எங்கேயாவது போய்ச் சேரத்தான் வேண்டும். "யூஸ்ட்", "ரீகண்டிஷன்" என்ற பெயர்களில் நமது கடைகளுக்கு வரும் பெட்டிகளை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

யூஸ்ட் பெட்டியே வேண்டாம் என்பதில்லை. டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க் போன்றவை அலுவலகப் பாவனைக்கென்று உறுதியாகச் செய்யப்பட்டவை. பல ஆண்டு தாங்கும். எந்த மொடல் என்பதில்தான் விடயம் இருக்கிறது. ஒப்டிபிளெக்ஸ் 3020 நான்காம் தலைமுறை, 7060 எட்டாம் தலைமுறை. எலைட்டெஸ்க் 800இல் ஜி1 நான்காம் தலைமுறை, ஜி4 எட்டாம் தலைமுறை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்புப் பெட்டிதான். கடையிலேயே இயக்கிக் காட்டச் சொல்லி, கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் "பெர்போமன்ஸ்" பகுதிக்குப் போனால் சில்லின் முழு எண், ரெம் அளவு, உள்ளே இருப்பது எஸ்.எஸ்.டி.யா ஹாட் டிஸ்க்கா என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஒரு நிமிட வேலை. அதைச் செய்ய விடாத கடையில் வாங்கத் தேவையில்லை.

சரி, தோப்பூர் வீடொன்றில் கணினி என்ன வேலை செய்யப்போகிறது? தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணினி எழுத்தறிவு அறிக்கைகளின்படி இலங்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டில்தான் கணினி இருக்கிறது. அப்படியென்றால் இனி வாங்கப்போகும் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே முதல் கணினி. சூம் வகுப்பு, கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்துப் பாடங்கள், கடந்தகால வினாத்தாள்கள், தமிழில் ஒரு ஒப்படை தட்டச்சு செய்வது, வெளிநாட்டில் உழைக்கும் வாப்பாவோடு வீடியோவில் கதைப்பது, நெல் வியாபாரம் செய்பவர் என்றால் ஒரு எக்செல் கணக்கு. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுத்த பிள்ளை இருந்தால் பைதன், தரவுத்தளம், இணையப்பக்க வடிவமைப்பு. இவற்றில் ஒன்றுகூட ஐ7 கேட்பதில்லை. பைதன் நிரல் எழுதும் மாணவிக்குத் தேவை நல்ல விசைப்பலகை, கண்ணை வருத்தாத திரை, தொங்காத இயந்திரம்.

தொங்காமல் இருப்பதற்குக் காரணமாக இருப்பவை இரண்டு. முதலாவது எஸ்.எஸ்.டி. ஹாட் டிஸ்க்கில் ஒரு தட்டு சுழன்று, முள் போன்ற ஒரு கை அசைந்து போய்த் தகவலைத் தேடி எடுக்கிறது. விண்டோஸ் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைக் கேட்கும்போது அந்தக் கை அங்கும் இங்கும் ஓடியே களைத்துவிடும். எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே கிடையாது. எந்த மூலையில் இருக்கும் தகவலும் உடனே வரும். ஐந்தாறு ஆண்டு பழைய கணினிக்குக்கூட ஹாட்டைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டால், தேநீர் ஊற்றிக்கொண்டு வரும்வரை காத்திருந்த இயந்திரம் அரை நிமிடத்துக்குள் எழும்பி நிற்கும். இரண்டாவது ரெம். 4 ஜி.பி.யோடு விண்டோஸ் 11 இயங்கும் என்று மைக்ரோசொப்ட்டே சொல்கிறது. இயங்குவது வேறு, பிள்ளை ஒரு பக்கம் சூம், மறுபக்கம் பீ.டி.எப்., நடுவில் குரோம் என்று வைத்துக்கொண்டு படிப்பது வேறு. 8 ஜி.பி. குறைந்த அளவு. இயன்றால் 16.

தமிழ்நாட்டு அரசின் மடிக்கணினித் திட்டத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2011 செப்டெம்பரில் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது அதில் இருந்தது 2 ஜி.பி. ரெம், 320 ஜி.பி. ஹாட் டிஸ்க். 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கென்று "உலகம் உங்கள் கையில்" என்ற பெயரில் புதிதாகக் கொடுக்கத் தொடங்கியதில் இருப்பது 8 ஜி.பி. ரெம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி., ஐ3 அல்லது ரைசன் 3. பதினான்கு ஆண்டு கழித்துச் சேமிப்பு அளவு குறைந்திருக்கிறது, ரெம் நான்கு மடங்காகியிருக்கிறது. லட்சக்கணக்கில் வாங்கும் ஓர் அரசு, மாணவருக்கு எது போதும் என்று ஆராய்ந்து வந்துசேர்ந்த இடம் ஐ3தான். நமது வாப்பாவின் விலைத்துண்டுக் கணக்குக்கு இது நேர் எதிர்.

ரெம் பற்றி இன்னொன்று. 2025இன் பிற்பகுதியிலிருந்து உலகச் சந்தையில் அதன் விலை கடுமையாக ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் உற்பத்தியில் பெரும்பங்கை விழுங்குகின்றன. அந்த டிசம்பரில் மைக்ரொன் நிறுவனம், வீட்டுப் பாவனையாளர்கள் நன்கறிந்த தனது குரூஷல் வியாபாரத்தை விட்டு விலகுவதாகவே அறிவித்தது. விலை ஏறும்போது பெட்டிக்குள் முதலில் குறைக்கப்படுவது ரெம்தான். அதனால் விலைத்துண்டில் ரெம் அளவு எழுதப்படாமல் இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். பிற்பாடு கூட்டிக்கொள்ள வெற்று ஸ்லொட் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். சில மடிக்கணினிகளில் ரெம் பலகையோடு ஒட்டிப் பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்டவே முடியாது.

வீஜீஏ கார்ட் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. வீடியோ எடிட்டிங் தொழிலாகச் செய்பவருக்கும், பாரமான விளையாட்டுகள் விளையாடுபவருக்கும் வேண்டும். படிப்புக்கு வேண்டாம்.

கடைக்காரரும் விளம்பரமும் வாய்திறக்காத ஒன்று மின்சாரம். கொட்டியாரக் குடாவின் தெற்குப் பக்கத்து ஊர்களில் கணினியைக் கொல்வது வயதைவிட மின்சாரம்தான் அதிகம். 2022 மார்ச் 31 அன்று நாடு முழுக்க 13 மணித்தியால மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் தீவே இருண்டது. அடுத்த நாட்களிலும் சுழற்சி முறையில் வெட்டினார்கள். மின்சாரம் போவதைவிட ஆபத்தானது அது திரும்பி வரும் கணம். அப்போது அழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கும். ஒரு 650 வீ.ஏ. யூ.பி.எஸ். இருந்தால் மணிக்கணக்கில் வேலை செய்ய முடியாது. ஆனால் செய்த வேலையைச் சேமித்து முறையாக நிறுத்தச் சில நிமிடம் கிடைக்கும். புதிய மேசைக்கணினிக்கு ஒதுக்கிய பணத்தில் யூ.பி.எஸ். ஒரு பகுதியாகவே இருக்க வேண்டும், "பிறகு பார்ப்போம்" என்று விடக்கூடாது.

அதோடு மூன்று முள் பிளக்கை இரண்டு முள் மல்டிபிளக்கில் அழுத்திச் செருகும் பழக்கம் நமது வீடுகளில் சாதாரணம். மூன்றாவது முள் நில இணைப்பு. அது இல்லாவிட்டால் பெட்டியைத் தொடும்போது விரலில் சுள்ளென்று வரும். இடி மின்னல் காலத்தில் அதைவிட மோசமானதும் நடக்கும். மின்னல் நெருங்குமுன் பிளக்கையும் ரவுட்டர் வயரையும் கழற்றி வைப்பதைப்போல் நிச்சயமான காப்பு வேறு கிடையாது.

மின்கட்டணப் பட்டியலும் ஒரு கணக்கு. பழைய கோபுரப் பெட்டியும் திரையும் சேர்ந்து 100 வாட் எடுத்தால், நாளுக்கு 5 மணித்தியாலம் என்று மாதம் 15 அலகு. 2023இல் வந்த இன்டெல் என்100 போன்ற சிக்கனச் சில்லுப் பொருத்திய சிறு கணினியும் திரையும் சேர்ந்து 40 வாட்டுக்குள் அடங்கும். மாதம் 6 அலகு. 60 அலகைத் தாண்டினால் கட்டணப் படிகளே மாறிவிடும் நாட்டில் இந்த 9 அலகு வித்தியாசம் சில வீடுகளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும்.

வெள்ளத்தையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து மூதூர்ப் பக்கம் நீர் ஏறியதைப் பார்த்த பிறகும், மேசைக்குக் கீழே தரையில் பெட்டியை வைப்பதில் நியாயமில்லை. சுவரோரத்து மேசையின் மேலே, காற்றுப் புகும் இடைவெளியோடு இருக்கட்டும்.

மேசைக்கணினியா மடிக்கணினியா என்ற வாதம் ஒவ்வொரு வீட்டிலும் நடக்கிறது. மின்வெட்டு இருக்கும் ஊரில் பற்றரி உள்ள மடிக்கணினிக்கு ஒரு பலம் உண்டு என்பது உண்மை. பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு அதுதான் சரி. ஆனால் மூன்று நான்கு பிள்ளைகள் மாறிமாறி உட்காரும் வீட்டில், ஒரு விசை கழன்றால் விசைப்பலகையை மட்டும் மாற்றக்கூடிய, எந்த ஊர்த் திருத்துநரும் திறந்து பார்க்கக்கூடிய மேசைக்கணினியே நீண்ட காலம் நிற்கும். சவூதியிலிருந்தோ கட்டாரிலிருந்தோ வரும் மடிக்கணினியை வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. விசைகளில் அரபு எழுத்து இருப்பதும் ஒரு குறையில்லை. அங்கே வாங்கிய உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதை மட்டும் வாங்குமுன் அங்கேயே கேட்டுவிடச் சொல்ல வேண்டும்.

உத்தரவாதம் என்றதும் பில்லின் அடியில் உள்ள சின்ன எழுத்தையும் பார்க்க வேண்டும். பல கணினிக் கடைகளின் பில்லில் ஓராண்டு என்பது 350 நாள் என்று அச்சிட்டிருக்கும். எரிந்த அடையாளம், மின்னல், துரு இருந்தால் உத்தரவாதம் இல்லை என்றும் இருக்கும். கடற்காற்று வீசும் பிரதேசத்தில், இடி விழும் மாவட்டத்தில் மின்னல், துரு என்ற இந்த இரண்டு சொல்லும் பாரமானவை. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு திருகோணமலைக்குப் போய்வருவது இலகுவாகிவிட்டது என்றாலும், ஒரு ரெம் துண்டுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போவதென்பது இன்னும் பலருக்குப் பெரிய விடயம். தொடர் இலக்கத்தோடு பில் எழுதி வாங்க வேண்டும். தர மறுத்தாலோ ஏமாற்றினாலோ நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

இத்தனையையும் ஒவ்வொரு வாப்பாவும் உம்மாவும் தாமாகத் தேடிப் படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. தோப்பூரையும் சூழவுள்ள ஊர்களையும் சேர்ந்த பாடசாலைகளில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில், இந்த ஆண்டு வீட்டுக் கணினி ஒன்றுக்கு ஆகக்குறைந்தது என்ன வேண்டும் என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, பாடசாலை அறிவித்தல் பலகையிலும் பள்ளிவாசல் முகப்பிலும் அவர்கள் ஒட்டலாம். எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம், 8 ஜி.பி.க்குக் குறைய வேண்டாம், எஸ்.எஸ்.டி. கட்டாயம், யூ.பி.எஸ். கட்டாயம், பில்லில் தொடர் இலக்கம் கட்டாயம். இந்த ஐந்து வரியோடு இந்த ஆண்டே தொடங்குங்கள்.